ப்ராக்ரெசிவ் ராக்: 23 நிமிடப் பாட்டைக் கேட்கப் பழகுவது எப்படி?

ப்ராக்ரெசிவ் ராக், சுருக்கமாக ப்ராக்: மெட்டும் தாளமும் மாறிக்கொண்டே நீளமாக ஓடும் ராக் இசை. அதைக் கேட்டுப் பார்க்கலாம் என்று கிளம்புகிறவர்களில் பலர் முதல் வாரத்திலேயே கழன்றுகொள்கிறார்கள். 'தலைசிறந்த 50 ஆல்பங்கள்' என்று யாரோ கொடுத்த பட்டியலை எடுத்து, நாளுக்கு ஒன்றாகப் போட்டுக் கேட்பார்கள். எதுவும் மனதில் நிற்காது. 'இது நமக்குச் சரிப்படாது' என்று மூடி வைத்துவிடுவார்கள்.

இந்த இசையை அப்படிக் கேட்க முடியாது. சினிமாப் பாட்டில் பல்லவி அடிக்கடி திரும்பி வந்து நம்மைப் பிடித்துக்கொள்ளும். இங்கே நாலாம் நிமிடத்தில் வந்த மெட்டு இருபதாம் நிமிடத்துக்கு மேல்தான் திரும்பும், அதுவும் வேறு கோலத்தில், வேறு வேகத்தில். திரும்பி வந்திருப்பது அதே மெட்டுதான் என்று காது கண்டுகொண்டால் உடம்பு சிலிர்க்கும். கண்டுகொள்ளாவிட்டால் பாட்டு நீளமாக இருக்கிறது என்பது மட்டும்தான் தெரியும். ஆகவே வளர்த்துக்கொள்ள வேண்டியது ஞாபகம். கிட்டார் வாசிக்கத் தெரிய வேண்டாம், நொட்டேஷன் படிக்கத் தெரிய வேண்டாம். கொஞ்சம் ஆல்பங்கள், ஒவ்வொன்றையும் திரும்பத் திரும்பக் கேட்கும் பொறுமை, இரண்டும் இருந்தால் போதும்.

ஏன் இவ்வளவு நீளம்?

1960களின் பிற்பகுதி, இங்கிலாந்து. 1967இல் பீட்டில்ஸ் ஓர் ஆல்பத்தை முழுப் படைப்பாகவே கேட்க வைக்கலாம் என்று காட்டினார்கள். அதே ஆண்டு மூடி ப்ளூஸ் ஒரு நாளின் விடியலில் தொடங்கி இரவில் முடியும் ஆல்பத்தை ஆர்கெஸ்ட்ராவோடு சேர்த்துப் பதிவு செய்தது. 1969 அக்டோபரில் கிங் க்ரிம்சனின் முதல் ஆல்பம் 'இன் தி கோர்ட் ஆஃப் தி க்ரிம்சன் கிங்' வந்தது. ப்ராக் அங்கேதான் தொடங்குகிறது என்று பலரும் சொல்வார்கள். எனக்கும் அதில் மறுப்பில்லை.

இதைச் செய்தவர்களில் பலர் தேவாலய இசையையும் மேற்கத்திய செவ்வியல் பியானோவையும் கேட்டு வளர்ந்தவர்கள். யெஸ் குழுவின் ரிக் வேக்மேன் லண்டன் ராயல் காலேஜ் ஆஃப் மியூசிக்கில் படித்தவர். ஜெனிசிஸ் குழு சார்ட்டர்ஹவுஸ் என்ற பள்ளியில் ஒன்றாகப் படித்த பையன்களிடமிருந்து பிறந்தது. மூன்று நிமிட ராக் பாட்டு இவர்களுக்குப் போதவில்லை. எல்பி இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் இருபது நிமிடத்துக்குச் சற்று மேல் பதிவு செய்யலாம். பிங்க் ஃப்ளாய்டின் 'எக்கோஸ்', எமர்சன் லேக் அண்ட் பால்மரின் 'டார்கஸ்', ரஷ்ஷின் '2112' மூன்றும் 20 முதல் 24 நிமிடத்துக்குள் முடிவது அதனால்தான். ஒவ்வொன்றும் தட்டின் ஒரு முழுப் பக்கம். ஜெத்ரோ டல் 1972இல் 'திக் ஆஸ் எ பிரிக்' ஆல்பத்தில் ஒரே பாட்டை இரண்டு பக்கத்துக்கும் விரித்தது. தட்டைத் திருப்பிப் போட மட்டும் நடுவில் ஓர் இடைவெளி.

படி 1: கேட்கும் ஏற்பாடு

போனில் கேட்பதானால் முதலில் ஷஃபிளை அணையுங்கள். பாட்டுக்குப் பாட்டு ஒலியைக் கலந்து விடும் 'க்ராஸ்ஃபேட்' வசதியையும் அணையுங்கள். இந்த ஆல்பங்களில் பல பாட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டியே ஓடும். நடுவில் அரை நொடி விழுந்தாலும் அறுந்துபோகும். விளம்பரம் வரும் இலவசச் செயலியில் கேட்பது வீண். ஒரு சாதாரண வயர் ஹெட்போன் தாராளமாகப் போதும்.

இன்னொன்றைப் பலரும் கவனிப்பதில்லை. ஸ்ட்ரீமிங்கில் பழைய ஆல்பங்களுக்கு 'டீலக்ஸ்' பதிப்புகள் குவிந்து கிடக்கும். ஏழு பாட்டு ஆல்பத்துக்குப் பின்னால் ஒத்திகைப் பதிவுகளும் வேறு வடிவங்களுமாக இருபது டிராக் தொங்கும். அசல் தட்டு எந்தப் பாட்டோடு முடிகிறது என்று பார்த்து அங்கே நிறுத்திவிடுங்கள். ஆல்பத்தின் கடைசிப் பாட்டுக்குப் பிறகு வரும் மௌனமும் அதன் ஒரு பகுதி. ரீமிக்ஸ் கண்ணில் பட்டால் பயப்பட வேண்டாம். கிங் க்ரிம்சன், யெஸ், ஜெத்ரோ டல், ஜென்டில் ஜயண்ட் ஆல்பங்களை போர்க்குபைன் ட்ரீ குழுவின் ஸ்டீவன் வில்சன் மறுகலவை செய்திருக்கிறார். வாத்தியங்கள் தனித்தனியாகத் தெரிவதால் புதிதாகக் கேட்கிறவர்களுக்கு அவை உதவும்.

படி 2: பிங்க் ஃப்ளாய்டில் நுழையுங்கள்

பிங்க் ஃப்ளாய்ட் ப்ராக்தானா என்று சிலர் சண்டை போடுவார்கள். அதில் நேரம் செலவழிக்க வேண்டாம். நீளமான இசையைக் கேட்கப் பழக அவர்களைவிட நல்ல வாசல் கிடையாது. எல்லோரும் 1973இன் 'தி டார்க் சைட் ஆஃப் தி மூன்' ஆல்பத்தைக் கையில் கொடுப்பார்கள். நான் 1975இன் 'விஷ் யூ வேர் ஹியர்' ஆல்பத்தைத்தான் முதலில் சொல்வேன்.

அதன் முதல் பாட்டு 'ஷைன் ஆன் யூ க்ரேசி டயமண்ட்'. கீபோர்டின் ஒரே நீண்ட ஒலியில் தொடங்கும். சுமார் நாலு நிமிடம் எதுவும் அவசரப்படாது. பிறகு டேவிட் கில்மோரின் கிட்டாரில் நாலே நாலு ஸ்வரம், கூடவே மௌனம். மறுபடி அதே நாலு ஸ்வரம். மொத்தப் பாட்டும் அந்த நாலு ஸ்வரத்திலிருந்து எழுந்து வருவதைக் கவனியுங்கள். மனிதக் குரல் வர எட்டரை நிமிடத்துக்கு மேல் ஆகும். குரலுக்காகக் காத்திருப்பதை நீங்கள் எந்த நிமிடத்தில் நிறுத்துகிறீர்களோ, அந்த நிமிடத்தில் இந்த இசை உங்களுக்குப் பிடிபடத் தொடங்கிவிட்டது.

இந்தப் பாட்டு குழுவை உருவாக்கி, பிறகு மனநலம் குலைந்து விலகிய சிட் பாரெட்டைப் பற்றியது. ஒன்பது பகுதிகளில் முதல் ஐந்து ஆல்பத்தைத் தொடங்கி வைக்கும், மீதி நாலு முடித்து வைக்கும். கடைசிப் பகுதி மங்கி மறையும் நொடிகளில் ரிக் ரைட் கீபோர்டில் ஒரு சின்னத் துண்டு வாசிப்பார். அது 1967இல் சிட் பாரெட் எழுதிய 'சீ எமிலி ப்ளே' பாட்டின் மெட்டு. அந்தப் பழைய பாட்டை ஒருமுறை கேட்டுவிட்டு வந்து இந்த முடிவைக் கேளுங்கள். ஞாபகம் எதற்கு என்று நான் சொன்னது அங்கே புரிந்துவிடும்.

படி 3: ஒரு தடவைக்கு ஒரு வாத்தியம்

அடுத்து யெஸ். 1971இன் 'ஃப்ராஜைல்' ஆல்பத்தில் முதல் பாட்டு 'ரவுண்டபவுட்', எட்டரை நிமிடம். இதை வைத்து ஒரு பயிற்சி.

முதல் தடவை சும்மா கேளுங்கள். இரண்டாம் தடவை கிறிஸ் ஸ்கொயரின் பேஸ் கிட்டாரை, அதாவது தாழ்ந்த ஒலி தரும் கிட்டாரை, மட்டும் பின்தொடருங்கள். மற்ற ராக் குழுக்களில் பேஸ் அடியில் ஒதுங்கி நிற்கும். இங்கே அதுதான் முன்னால் வந்து உறுமும், முனை கூராக, பாடகருக்குப் போட்டியாக. மூன்றாம் தடவை பில் ப்ரூஃபோர்டின் டிரம்ஸ். ஸ்நேர் என்ற சின்ன டிரம்மில் அவருடைய அடி 'டக்' என்று சுருக்கென்று விழும், வேறு யாருடையதோடும் குழம்பாது. நாலாம் தடவை ஸ்டீவ் ஹோவின் கிட்டார். தொடக்கத்தில் அகூஸ்டிக் கிட்டாரில் வாசிக்கும் அந்தத் தனிமையான வாசிப்பு, பாட்டின் நடுவில் எல்லாம் அடங்கும்போது மறுபடி வரும். அதற்கு முன் ஓர் ஒலி இருளிலிருந்து வீங்கி வந்து கிட்டாரில் முட்டுகிறதல்லவா? பியானோ ஸ்வரத்தை ஒலிநாடாவில் தலைகீழாக ஓடவிட்ட ஒலி அது.

இப்படி நாலு தடவை கேட்ட பாட்டு பிறகு வாழ்நாளுக்கும் மறக்காது. பத்து ஆல்பத்தை ஒவ்வொரு தடவை கேட்பதைவிட ஓர் ஆல்பத்தைப் பத்துத் தடவை கேட்பது மேல். இதில் மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

படி 4: தாளம் எண்ணுங்கள், பிறகு எண்ணுவதை விட்டுவிடுங்கள்

ராக் இசை பெரும்பாலும் நாலு எண்ணிக்கையில் நடக்கும். ப்ராக் அதை உடைக்கும். கச்சேரியில் மிஸ்ர சாபு கேட்டுப் பழகியவர்களுக்கு ஏழு புதிதல்ல. பிங்க் ஃப்ளாய்டின் 'மணி' பாட்டைப் போட்டு பேஸ் கிட்டாரோடு ஏழு ஏழாகத் தட்டுங்கள். சாக்ஸபோன் தனி வாசிப்பும் ஏழிலேயே ஓடும். கிட்டார் தனி வாசிப்பு தொடங்கும்போது தாளம் நாலுக்கு மாறும். பூட்டியிருந்த கதவு திறந்தாற்போல் அங்கே ஒரு விடுதலை தெரியும். ஏழிலேயே இருந்திருந்தால் அந்தக் கிட்டார் இவ்வளவு பறந்திருக்காது.

ஐந்துக்கு ஜெத்ரோ டல்லின் 'லிவிங் இன் தி பாஸ்ட்', 1969. மூன்று நிமிடச் சின்னப் பாட்டு, புல்லாங்குழல் முன்னால் நிற்கும். ஐந்தில் இருக்கிறது என்று யாராவது சொன்னால்தான் தெரியும், அவ்வளவு இயல்பாக ஓடும். கனடாவின் ரஷ் 1981இல் வெளியிட்ட 'ஒய்ஒய்ஸீ' வாத்திய இசையின் தொடக்கத் தாளம், டொரன்டோ விமான நிலையக் குறியெழுத்து மூன்றையும் மோர்ஸ் தந்தி முறையில் தட்டினால் வருவது. குறில் நெடில் போல, புள்ளியும் கோடும்.

எண்ணுவது முதல் சில தடவைக்கு மட்டும்தான். தாளம் உடம்பில் ஏறிய பிறகும் எண்ணிக்கொண்டிருந்தால் பாட்டு காதில் விழாது.

படி 5: ஒரு முழுப் பக்கம்

இப்போது 23 நிமிடத்துக்குத் தயாராகிவிட்டீர்கள். ஜெனிசிஸ், 1972, 'ஃபாக்ஸ்ட்ராட்' ஆல்பத்தின் இரண்டாம் பக்கத்தில் உள்ள 'சப்பர்ஸ் ரெடி'. ஏழு பகுதிகள். இந்த வகை இசையில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

முன்னுரை எதுவும் கிடையாது. பன்னிரண்டு நரம்பு கிட்டார்களோடு பீட்டர் கேப்ரியலின் குரல் நேராகத் தொடங்கிவிடும். வீட்டுக் கூடத்தில் ஓர் ஆணும் பெண்ணும். அவள் முகம் மாறுவதுபோல் அவனுக்குத் தோன்றுகிறது. இந்த முதல் மெட்டை இங்கேயே மனதில் எழுதிக்கொள்ளுங்கள். நாலாம் நிமிடத்தை ஒட்டி இசை சட்டென்று அகன்று, கம்பீரமான இரண்டாம் மெட்டு வரும். பாட்டு ஒரு போலிச் சாமியாரைக் காட்டுகிறது. இந்த மெட்டையும் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டும்தான் பாட்டின் தூண்கள்.

மூன்றாம் பகுதி ஒரு போர். ஸ்டீவ் ஹாக்கெட்டின் கிட்டாரும் டோனி பேங்க்ஸின் ஆர்கனும் துரத்திக்கொண்டு ஓடும். நாலாம் பகுதி போர் முடிந்த களம். பியானோவின் மங்கிய ஒலிகளுக்கு நடுவே குரல் கிட்டத்தட்டப் பேச்சாகிவிடும். தன் உருவத்தையே பார்த்துப் பூவாகிப்போன கிரேக்க நார்சிசஸ் அங்கே வருகிறான். 'பூவா?' என்று ஒரு குரல் வியக்க, ஐந்தாம் பகுதி 'வில்லோ ஃபார்ம்' திடுக்கென்று வெடிக்கும். பழைய ஆங்கில நாடகக் கொட்டகையின் கோமாளித்தனம் அது. முதல் தடவை கேட்கிறவர்கள் பாட்டு மாறிவிட்டதோ என்று போனைப் பார்ப்பார்கள். மேடையில் கேப்ரியல் இந்த இடத்தில் தலையைச் சுற்றிப் பெரிய பூவிதழ்களை மாட்டிக்கொண்டு வருவார்.

அது அடங்கியபின் புல்லாங்குழலும் கிட்டாரும் சிறிது நேரம் தனியாக. இந்த அமைதியைத் தாண்டிப் போய்விடாதீர்கள், அடுத்து வருவதற்கான மூச்சு இங்கேதான் சேர்கிறது. ஆறாம் பகுதி விவிலியத்தின் கடைசிப் புத்தகமான வெளிப்பாடு காட்டும் ஊழிக்காலம். பேஸும் கிட்டாரும் டிரம்ஸும் ஒன்பது எண்ணிக்கையில் ஒரே அடியைச் சுற்றிச் சுற்றி வரும். அதன்மேல் டோனி பேங்க்ஸின் ஆர்கன் அந்த ஒன்பதுக்குள் அடங்காமல் தன் போக்கில் ஏறும். கீழே பிடிவாதம், மேலே தப்பித்தல். இது முறுகி முறுகி உச்சத்தில் உடையும்போது, நீங்கள் எழுதி வைத்த முதல் மெட்டு வரும். வீட்டுக் கூடத்தின் அதே மென்மையான மெட்டு, இந்தத் தடவை மணியோசையும் டிரம்ஸ் உருட்டலுமாக. அது முடியும் முன்பே ஏழாம் பகுதிக்குள் போலிச் சாமியாரின் மெட்டு நுழையும், இப்போது புதிய ஜெருசலேமைப் பாடிக்கொண்டு. போலிக்குத் தந்த அதே மெட்டு, கடைசியில் உண்மைக்கு. இந்த இடத்தைச் சும்மா கேட்டுவிட்டு எழுந்து போக என்னால் இன்றைக்கும் முடிவதில்லை.

கடைசி மூன்று நிமிடத்தை மட்டும் தனியாக வெட்டிக் கேட்டுப் பாருங்கள். நல்ல இசைதான், ஆனால் எதுவும் நடக்காது. அதற்கு முந்தைய இருபது நிமிடம் அவ்வளவு அவசியம்.

படி 6: இருட்டான பக்கம்

கிங் க்ரிம்சனுக்கு இப்போது வாருங்கள். முதலிலேயே போயிருந்தால் கூச்சல் என்று தோன்றியிருக்கும். 1969 ஆல்பத்தில் வயலின் கூட்டம்போல் எழும் அந்த ஒலி மெல்லோட்ரான் என்ற கருவியுடையது. வெளியே கீபோர்டு, உள்ளே ஒவ்வொரு கட்டைக்கும் அடியில் ஓர் ஒலிநாடாத் துண்டு. கட்டையை அழுத்தினால் நாடா ஓடி, உண்மையான வயலினோ புல்லாங்குழலோ வாசித்த பதிவு ஒலிக்கும். சுமார் எட்டு நொடிதான். நாடா தீர்ந்தால் ஒலி நின்றுவிடும். விரலை எடுத்தால் அது பழைய இடத்துக்குத் திரும்பும். ஒரே ஒலியை நிறுத்தாமல் பிடிக்கவே முடியாது என்பதால் வாசிக்கிறவர் கட்டைக்குக் கட்டை நகர்ந்துகொண்டே இருப்பார். ஒலியில் லேசான நடுக்கமும் இருக்கும். இந்த இசையின் சோகத்தில் பெரும்பங்கு அந்த நடுக்கத்துக்கு உரியது.

பிறகு 1974இன் 'ரெட்' ஆல்பம், அதன் கடைசிப் பாட்டு 'ஸ்டார்லெஸ்', 12 நிமிடம். மெல்லோட்ரான் பின்னணியில் ஒரு துயர மெட்டு, ஜான் வெட்டனின் குரல். நாலு நிமிடத்துக்குமேல் எல்லாம் வெறிச்சோடி, பேஸ் பதின்மூன்று எண்ணிக்கையில் ஒரே வட்டத்தைச் சுற்றத் தொடங்கும். ராபர்ட் ஃப்ரிப் கிட்டாரில் ஒரே ஸ்வரத்தைத் திரும்பத் திரும்பத் தட்டி, மெல்ல மெல்ல மேலே நகர்த்துவார், நிமிடக் கணக்கில். பல்லைக் கடித்துக்கொண்டு இருங்கள். டிரம்ஸ் வெடிக்கும், சாக்ஸபோன் கிழிக்கும், கடைசியில் அந்தத் துயர மெட்டு மொத்தக் குழுவின் பலத்தோடு திரும்பும். 'சப்பர்ஸ் ரெடி'யில் நிதானமாக நடந்தது இங்கே பாதி நேரத்தில் நடக்கும்.

பாட்டு வரிகளைப் பற்றி ஒரு வார்த்தை. யெஸ் குழுவின் ஜான் ஆண்டர்சன் பொருளைவிட ஓசைக்காகச் சொற்களைப் பொறுக்குகிறவர். அவர் வரிகளுக்குப் பதவுரை தேடி அலையாதீர்கள். ஜெனிசிஸுக்கும் ரஷ்ஷுக்கும் மட்டும் வரிகளைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள், அவர்கள் கதை சொல்கிறவர்கள்.

எல்லா நீளமும் நியாயமானதல்ல. யெஸ் 1973இல் வெளியிட்ட 'டேல்ஸ் ஃப்ரம் டோபோகிராஃபிக் ஓஷன்ஸ்' இரட்டைத் தட்டு, பக்கத்துக்கு ஒரு பாட்டு. பரமஹம்ச யோகானந்தர் தன் சுயசரிதையில் சாத்திரங்களைப் பற்றி எழுதிய ஓர் அடிக்குறிப்பிலிருந்து கிளைத்தது. அழகான இடங்கள் உண்டு, நிரப்பிய இடங்களும் உண்டு. ரிக் வேக்மேனுக்கே பிடிக்காமல் அடுத்த ஆண்டு குழுவை விட்டுப் போனார். முதலில் 1972இன் 'க்ளோஸ் டு தி எட்ஜ்' ஆல்பத்தை முழுதாகப் பழகிக்கொள்ளுங்கள். யெஸ்ஸின் உச்சம் அது.

படி 7: இங்கிலாந்துக்கு வெளியே, எழுபதுகளுக்குப் பின்னே

இத்தாலிக்காரர்கள் ப்ராக்கைத் தங்களுடையதாகவே ஆக்கிக்கொண்டார்கள். பிஎஃப்எம் குழுவின் 1972 ஆல்பம் 'ஸ்டோரியா தி உன் மினூட்டோ'வில் 'இம்ப்ரெஸியோனி தி செத்தெம்ப்ரே' என்ற பாட்டு உண்டு. அதில் பல்லவி வர வேண்டிய இடத்தில் சொல்லே கிடையாது, மூக் சிந்தசைசர் என்ற மின்னணுக் கருவி மட்டும் பாடும். பிரான்சின் மாக்மா குழுவில் டிரம்மர் கிறிஸ்டியன் வாண்டர் பாடுவதற்கென்றே ஒரு மொழியை உருவாக்கினார். மாக்மாவை அவசரப்பட்டுத் தொட வேண்டாம்.

எழுபதுகளின் இறுதியில் பங்க் என்ற எளிய, முரட்டு ராக் வந்தது, ப்ராக் பழசாகிப்போனது என்றார்கள். 1985இல் மரிலியனின் 'மிஸ்ப்ளேஸ்டு சைல்டுஹூட்' பிரிட்டனில் முதலிடம் பிடித்தது. மெட்டல் கேட்டு வளர்ந்தவர்கள் ட்ரீம் தியேட்டரின் 1999 ஆல்பம் 'சீன்ஸ் ஃப்ரம் எ மெமரி' வழியாகவே நுழையலாம். முழு ஆல்பமும் ஒரே கதை. இன்றைய ஒலியில் கேட்க விரும்பினால் போர்க்குபைன் ட்ரீயின் 2007 ஆல்பம் 'ஃபியர் ஆஃப் எ ப்ளாங்க் ப்ளானட்'. நம் பக்கத்தில் கொச்சியின் மதர்ஜேன், பெங்களூரின் அகம் இரண்டு குழுக்களும் கர்நாடக இசையை ப்ராக்கோடு இணைத்திருக்கின்றன.

படி 8: ஆளைப் பிடித்துக்கொண்டு போங்கள்

இனிமேல் பட்டியல் வேண்டாம். பிடித்த வாத்தியக்காரர் ஒருவரைத் தேர்ந்து, அவர் போன இடமெல்லாம் போங்கள். கிட்டார் பிடித்தவர்கள் ஜான் மெக்லாஃப்லினைத் தொடரலாம். 1971இல் தொடங்கிய அவருடைய மகாவிஷ்ணு ஆர்கெஸ்ட்ரா ஜாஸும் ராக்கும் மோதும் இடம். அங்கிருந்து சக்தி குழுவுக்குப் போனால் எல். சங்கரின் வயலினும் ஜாகிர் ஹுசேனின் தபலாவும் விக்கு விநாயகராமின் கடமும் காத்திருக்கின்றன.

டிரம்ஸ் பிடித்தவர்களுக்கு பில் ப்ரூஃபோர்ட். யெஸ் புகழின் உச்சிக்குப் போன 1972இல் அதை உதறிவிட்டு கிங் க்ரிம்சனில் சேர்ந்தவர். 'க்ளோஸ் டு தி எட்ஜ்' முடித்த கையோடு, அவர் வாசித்த 'ஸ்டார்லெஸ்' கேளுங்கள். அதே கைதான், ஆனால் துலக்கம் போய் இறுக்கம் வந்திருக்கும். கேப்ரியல் விலகிய பிறகு 1976இல் ஜெனிசிஸின் கச்சேரிப் பயணத்திலும் வாசித்தார். 1977இல் வந்த 'செகண்ட்ஸ் அவுட்' என்ற மேடைப் பதிவில் 'தி சினிமா ஷோ' பாட்டில் அவர் இருக்கிறார். அந்த ஆல்பத்திலேயே 'சப்பர்ஸ் ரெடி'யும் முழுதாக உண்டு, ஃபில் காலின்ஸ் குரலில், செஸ்டர் தாம்ஸன் டிரம்ஸில். கேப்ரியல் நடித்துப் பாடிய வரிகளை காலின்ஸ் நடிக்காமல் பாடுகிறார். 'வில்லோ ஃபார்ம்' இதில் கொஞ்சம் இளைத்துவிட்டது, கடைசிப் பகுதி அசலைவிடப் பெரிதாகிவிட்டது என்பது என் கணிப்பு. இரண்டையும் அடுத்தடுத்த நாட்களில் கேட்டு உங்கள் கணிப்பைச் செய்துகொள்ளுங்கள்.